நாலு மணிக் கையெழுத்து

கானுராம் தேவ்கமின் வாயிலிருந்து கிளாவர் மேலாண்மைப் பள்ளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்டவர்கள் அவர் குடியிருந்த தொழிலாளர் பஸ்தியில் ஒருவரும் கிடையாது. இத்தனைக்கும் அந்தப் பள்ளிக்குள் வருஷா வருஷம் மரியாதையோடு அழைத்துப் போகப்பட்ட ஒரே ஆள் அவர்தான். பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளி, ஒரு சனி. பள்ளியின் ஜீப் பஸ்தி முனையில் வந்து நிற்கும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறிப் போவார். சனிக்கிழமை சாயங்காலம் புதுச் சால்வையோடு வந்து இறங்குவார். சால்வையை, வாசலில் கட்டியிருக்கும் ஆட்டின் மேல் போர்த்திவிட்டு, ஒரு சட்டி ஹண்டியாவை, அரிசிக் கள்ளை, முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவார். பஸ்தியே சுற்றி உட்காரும். அதற்கப்புறம் நடப்பது கூத்து.

"இந்த வருஷம் எத்தனை குஞ்சு பொரிச்சுது கானுதா?" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

"அறுபது. அறுபதுக்கும் ஒரே மூஞ்சி. பெத்தவளே வந்தாலும் பொறுக்கி எடுக்க முடியாது."

பிறகு எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். நிர்வாகத் தரப்புப் பையன் டையை இழுத்து இழுத்துச் சரிசெய்கிற தினுசு. தொழிலாளி வேஷம் கட்டிய பெண் "இன்குலாப்" என்று கத்துவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்கிற தினுசு. ஒரு வருஷம் ஒருவன் தொழிலாளி மாதிரித் தெரிய வேண்டும் என்று இரண்டு நாள் தாடியும் கழுத்தில் சிவப்புத் துண்டுமாக வந்தான். துண்டில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைப் பஸ்தி வருஷக்கணக்கில் கேட்டுச் சிரித்தது. கேட்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க, கானுராமுக்குப் படித்தவர்கள் மேல் இருந்த இளக்காரம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது.

கானுராம் கம்பித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கம்பி இழுத்தவர். அதில் பதினாறு வருஷம் சங்கச் செயலாளர். ஹோ பழங்குடிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆள் குட்டை, குரல் நெட்டை. மேசையைத் தட்டினார் என்றால் எதிரே இருக்கிற மேனேஜரின் தேநீர் தட்டில் சிந்தும். எந்தச் சமயத்தில் தட்ட வேண்டும், எந்தச் சமயத்தில் தட்டாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

அவரைக் கிளாவருக்குள் கொண்டுவந்தவர் ஃபாதர் கீகன். பால்டிமோரிலிருந்து வந்த சேசு சபைச் சாமியார். உருக்காலை நகரத்தில் முதலாளி வர்க்கத்துக்கும் பாட்டாளி வர்க்கத்துக்கும் ஒரே கூரையின் கீழ் பாடம் நடத்தினால் சண்டை குறைந்துவிடும் என்று நம்பிய அப்பாவி. பகலில் மேனேஜராகப் போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு. மாலையில் சங்கத்து ஆட்களுக்கு வகுப்பு. ஒரே பெஞ்சுதான். பகலில் அவர்கள் பின்புறம், மாலையில் இவர்கள் பின்புறம். இரண்டு பின்புறமும் ஒரே நேரத்தில் அதில் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாலை வகுப்பு ஆளில்லாமல் மூடப்பட்டது. பகல் வகுப்புக்கு மட்டும் புதுக்கட்டடம், குளிர்சாதனம், பளிங்குப் படிக்கட்டு எல்லாம் வந்தன. படிக்கட்டில், மனிதனின் மாண்பே தொழிலின் நோக்கம் என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். பித்தளையைத் துலக்குகிறவள் ஒப்பந்தக்காரி.

மாலை வகுப்பில் கானுராம் வாயடிப்பதைப் பார்த்துத்தான் கீகனுக்கு அந்த யோசனை தோன்றியிருக்க வேண்டும். பகல் பிள்ளைகளுக்கு ஒரு 'பேரப் பாடம்' வைத்தார். நீள மேசை. இந்தப் பக்கம் நிர்வாகம், அந்தப் பக்கம் சங்கம், யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கல். சங்கத்தின் தலைவராக நிஜச் சங்கச் செயலாளர் கானுராம். கற்பனைத் தொழிற்சாலை ஒன்று, அதில் ஆயிரத்து இருநூறு தொழிலாளிகள். எத்தனை பேரை வெளியேற்றலாம், எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் பேரம். சனிக்கிழமை நாலு மணிக்கு மணி அடிக்கும். அதற்குள் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போடவில்லை என்றால் அறுபது பேருக்கும் முட்டை.

"மனசு இருந்தா எந்தத் தகராறும் நாலு மணிக்குள்ள தீரும், கானுராம்," என்பார் கீகன்.

"உங்க மணி உங்க கையில இருக்கு ஃபாதர். எங்க மேனேஜர் மணி அவர் கையில இருக்கு," என்பார் கானுராம்.

கீகன் சிரிப்பார். கானுராமும் சிரிப்பார். நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுவார். கீகன் செத்துப் போனார், அப்புறமும் போட்டார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் போட்டார். மொத்தம் இருபத்திரண்டு வருஷம். மூன்றே முக்கால் மணி வரைக்கும் புலி மாதிரி உறுமிவிட்டு, ஆயிரத்து இருநூறில் அறுநூறு என்றோ எழுநூறு என்றோ ஏதோ ஒரு நடு எண்ணில் வந்து நின்று, பேனாவைத் திறப்பார். பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஒரு வருஷம், பஸ்தி சிரித்து ஓய்ந்து கலைந்தபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் ஜெமா கேட்டாள்.

"நீ கையெழுத்துப் போடலேன்னா அவங்களுக்கு மார்க்கு கிடையாதா?"

"ஒண்ணும் கிடையாது."

"அதனால எப்பவும் போட்டுடுவியா?"

"போட்டுத்தானே ஆகணும். அதுங்க அப்பன் ஆத்தா கடன் வாங்கிப் படிக்க வெச்சிருக்கும். வெறும் பாடம்தானே? நெஜமா எவன் வயித்துல அடிக்கிறோம்?"

ஜெமா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவள் அந்தக் கூத்துக்கு ஒருநாளும் சிரித்தவள் இல்லை. தாய் முகம், தாய் சுபாவம் என்று கானுராம் நினைத்துக்கொண்டார்.

படித்துவிட்டுப் போனவர்கள் சும்மா போய்விடவில்லை. டிசம்பரில் பழைய மாணவர் விழா வைப்பார்கள். தொப்பையும் வழுக்கையுமாக, மனைவியோடும் மனைவி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் கைபேசியோடும் வந்து இறங்குவார்கள். எந்த அறையில் தூங்கினோம், எந்தச் சுவர் ஏறிக் குதித்தோம் என்று கண் கலங்குவார்கள். கோயில் யானையைத் தடவிப் பார்க்கிற மாதிரி கானுராமை வரிசையாக வந்து கட்டிக்கொள்வார்கள்.

"கானுதா! என்னை ஞாபகம் இருக்கா?"

"உங்களை மறக்க முடியுமா?" என்பார். ஒருவனையும் ஞாபகம் இருக்காது.

பிறகு ஆளாளுக்குத் தங்கள் வீரத்தைச் சொல்வார்கள். ஒருவன் பஞ்சாலையை ஒரே வாரத்தில் மூடினானாம், ஒரு கல்கூட விழவில்லையாம். இன்னொருவன் நானூறு பேரை வெளியே அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கிப் பூச்செடி கொடுத்தானாம். பூச்செடி வாங்கிய நானூறு பேரில் இரண்டு பேர் அழுதுகொண்டே நன்றி சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவன் கண்ணிலும் நீர். என்ன ஜென்மங்களோ! நேருக்கு நேர் கழுத்தை அறுக்கிறவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறுத்துவிட்டு, 'உன் வலி எனக்குப் புரிகிறது' என்று தலையைக் கோதுகிறவனை என்ன செய்வது? இந்தக் கோதுகிற வித்தைக்குத்தான் கிளாவர் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டது.

கானுராம் அதையும் பஸ்தியில் நடித்துக் காட்டினார். பூச்செடிக்குப் பதிலாகக் கத்தரி நாற்று. நல்ல சிரிப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். பேரம் என்றால் எப்படி முடியும் என்பதை அந்த வீரர்களுக்கு எல்லாம் யார் கற்றுக்கொடுத்தது என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஜெமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த உலைச் செங்கல் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். உருக்காலையின் உலைகளுக்கு உள்ளே அடுக்குகிற கல். நீளச் சூளை, ஒரு முனையில் பச்சைக்கல் அடுக்கிய டிராலியைத் தள்ளினால் மறுமுனையில் வெந்த கல்லோடு வேறொரு டிராலி வெளியே வரும். பச்சைக்கல்லை டிராலியில் அடுக்குவது ஐம்பத்தெட்டுப் பெண்கள். எல்லோரும் நிரந்தரம். ஜெமா பதினோரு வருஷம். விரல் நுனியில் ரேகை இருக்காது, கல் தின்றுவிட்டது.

தொழிற்சாலை கைமாறியது. புது முதலாளி வந்தார். புது முதலாளியோடு, ஆட்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் வந்தார். பெயர் அம்பரீஷ் டாண்டன். கிளாவர் பட்டதாரி. வந்த மூன்றாவது மாதம் அறிவிப்பு ஒட்டினார். கல் அடுக்கும் வேலை இனி ஒப்பந்தக்காரரிடம் போகும். ஐம்பத்தெட்டுப் பேரும் நிரந்தரத்திலிருந்து கழிக்கப்பட்டு, விரும்பினால் அதே ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்துகொள்ளலாம். விரும்பாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதாவது ஜெமாவின் பதினோரு வருஷம் ஒரு காகிதத்தில் அழியும். மறுநாள் அவள் அதே டிராலியில் அதே கல்லைப் புதியவளாக அடுக்குவாள், ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தால் அதுவும் இல்லை.

பெண்கள் கானுராமின் வீட்டு முற்றத்தில் கூடினார்கள்.

"சாஹிப் கிளாவர்ல படிச்சவராம். கானுதாகிட்டப் படிச்ச ஆளுதானே? பாம்பின் கால் பாம்பறியும். நீங்க வந்து எங்களுக்காகப் பேசுங்க," என்றாள் சோம்பாரி பிருவா. அவர்களில் மூத்தவள்.

"டாண்டனா?" கானுராம் பல் குத்திக்கொண்டே யோசித்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடேய்! அந்தத் துண்டுக்காரன்! விலைச்சீட்டு! அவனா எனக்கு எதிரே உட்காரப் போறான்? நாலே தட்டு. அழுதுட்டு ஓடுவான் பாருங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஜெமா மட்டும், "தட்டுறதெல்லாம் சரி. கடைசியில என்ன செய்வே?" என்று கேட்டாள்.

"கடைசியில ஜெயிப்பேன்."

பேச்சுவார்த்தைக்கு நாள் குறிக்க அப்பாவும் மகளும் டாண்டனின் அறைக்குப் போனார்கள். கானுராமைக் கண்டதும் டாண்டன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"கானுதா! என்னை ஞாபகம் இருக்கா?"

"நல்லாவே இருக்கு சாஹிப்," என்றார் கானுராம். இந்த முறை அது பொய் இல்லை.

"சனிக்கிழமையே வெச்சுக்கலாம். நம்ம பழக்கம் அதுதானே. நம்ம ஃபாதர் சொல்வாரே, யாரைப் பற்றின முடிவோ அவங்க முன்னால எடுக்கணும்னு. ஐம்பத்தெட்டுப் பேரும் வரட்டும். காலையிலேர்ந்து உட்காரட்டும். சாப்பாடு கம்பெனி செலவு."

ஜெமா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எல்லாருமா சாஹிப்? காலையிலேர்ந்தா?"

"எல்லாரும்."

"வேலைக்கு வரலேன்னு ஆப்சென்ட் போட்டுட்டா?"

"அதெப்படிப் போடுவாங்க? நானே கூப்பிடுறேன்."

"அதை எழுதிக் குடுத்துடுங்க சாஹிப். பேச்சு முடியற வரைக்கும்னு எழுதுங்க."

டாண்டனுக்கு ஒரே பெருமை. பங்கேற்பு என்றால் இதுவல்லவா பங்கேற்பு! எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வெளியே வந்ததும் கானுராம் மகளிடம், "பார்த்தியா, தாராளத்தை! ஊட்டி வளர்த்த பொம்மைங்க. எந்தப் பக்கம் சாவி குடுத்தாலும் ஆடும்," என்றார். ஜெமா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கேன்டீன் கூடத்தில் பேச்சு தொடங்கியது. நடுவில் மேசை. இந்தப் பக்கம் டாண்டனும் ஒரு குமாஸ்தாவும். அந்தப் பக்கம் கானுராம், ஜெமா, சோம்பாரி. மற்றப் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

கானுராம் அன்றைக்குப் போல என்றைக்கும் பேசியதில்லை. மூன்று முறை மேசையைத் தட்டினார். பெண்கள் வாயைப் பிளந்தார்கள். டாண்டன் புன்சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தட்டுக்கு முன்பே அவர் தன் தேநீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதைக் கானுராம் கவனித்தார். கவனித்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பேரும் நிரந்தரம் என்றார் இவர். ஒருவரும் இல்லை என்றார் அவர். மதியத்துக்கு முன் ஐந்து பேர் என்று ஏறினார் டாண்டன். சாப்பாட்டுக்குப் பின் ஐம்பது என்று இறங்கினார் கானுராம். பன்னிரண்டு என்றார் அவர். முப்பத்தைந்து என்றார் இவர். வெள்ளம் பள்ளத்துக்குப் போகிற மாதிரி பேச்சு தன்போக்கில் வழிந்து, மூன்றே முக்காலுக்கு டாண்டன் பெருமூச்சு விட்டார்.

"கானுதா, உங்களுக்காக. இருபது. இதுக்கு மேல என் வேலையே போயிடும். மீதி முப்பத்தெட்டுப் பேருக்கு ஒப்பந்தத்துல முதல் இடம். எழுதியே கொண்டாந்திருக்கேன்." காகிதத்தைத் தள்ளினார். கீழே பட்டியல் ஒன்று இணைத்திருந்தது.

கானுராம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலடிக்க இரண்டு நிமிஷம். அவருக்குள் ஒரு நிம்மதி பரவியது. ஒன்றுமில்லாததிலிருந்து இருபது வரைக்கும் ஏற்றியாயிற்று. நல்ல பேரம். நியாயமான நடு எண். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியைத் திறந்தார்.

"சரி சாஹிப். முடிச்சுக்கலாம்."

"அப்பா," என்றாள் ஜெமா. "அந்த இருபது பேரு யாரு?"

கானுராம் அவளைப் பார்த்தார்.

"பட்டியல் இருக்கே. படிச்சியா?"

அவர் படிக்கவில்லை. படிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எந்தச் சனிக்கிழமையும் அந்த மேசையில் ஒரு பெயர்ப் பட்டியல் வந்ததில்லை. ஆயிரத்து இருநூறு என்று ஓர் எண் வரும். அதைக் குறைப்பார்கள், கூட்டுவார்கள், பாதியில் வெட்டுவார்கள்.

ஜெமா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சோம்பாரி மௌசி இல்ல. இருபத்தாறு வருஷம். நாகி இல்ல. ஜானோ இல்ல. நான் இல்ல." நிமிர்ந்தாள். "உன் பொண்ணு பேரு இருக்கா இல்லையான்னுகூடப் பார்க்காமப் பேனாவைத் திறந்துட்டியே! இருபத்திரண்டு வருஷம் இதேதான் செஞ்சு காட்டினே. நாலு மணி ஆனா கிழவன் கையெழுத்துப் போடுவான்னு அத்தனை பேருக்கும் கத்துக் குடுத்தே. அதைக் கத்துக்கிட்டுத்தான் இவரு வந்து உட்கார்ந்திருக்காரு. கடிகாரத்தை நீ பார்க்கிறதுக்கு முன்னாடி அவரு பார்த்துட்டாரு, தெரியுமா?"

"ஜெமா, சபையில—"

"வெளியே போய் உட்காரு அப்பா."

கானுராம் தரையில் இருந்த பெண்களைப் பார்த்தார். அவருடைய கூத்துக்கு வருஷா வருஷம் வயிறு குலுங்கச் சிரித்தவர்கள்தான். ஒருத்தியாவது 'அப்படிச் சொல்லாதேடி, பெரியவர்' என்பாள் என்று காத்திருந்தார். ஒருத்தியும் சொல்லவில்லை. சோம்பாரி எழுந்து அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பெஞ்சு. கூடத்தின் கம்பிவலை ஜன்னல் அவர் தலைக்கு மேலேதான். எல்லாம் கேட்டது. ஜெமா பட்டியலில் இல்லாத முப்பத்தெட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெயர் சொல்லப்பட்டவள் எழுந்து நின்று எந்த வருஷம் சேர்ந்தாள், எத்தனை பிள்ளை, எந்த விரல் நசுங்கியது என்று சொல்ல வேண்டும். அவசரமே இல்லை. ஒருத்தி தன் மாமியார் கதைக்குப் போய்விட்டாள். டாண்டன் குறுக்கே பேசவில்லை. குறுக்கிடாமல் கேட்பது எப்படி என்று அவருக்குக் கிளாவரில் தனிப்பாடமே உண்டு. "ம்... சொல்லுங்கம்மா... புரியுது," என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நாலரைக்குச் சூளைப் பொறுப்பாளர் துரியோதன் பெஹ்ரா விறுவிறு என்று வந்தார்.

"உள்ளே எப்ப முடியும் கானுதா?"

"தெரியலே. ஏன்?"

"ஏனா! நேத்து அடுக்கி வெச்ச டிராலி எல்லாம் உள்ளே போயிடுச்சு. இனி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அடுக்க ஒரு பொம்பளை இல்லே. அத்தனை பேரையும் இங்க பந்தியில உட்கார வெச்சிருக்கான் அந்தப் புண்ணியவான். டிராலி தள்ளலேன்னா உள்ளே நெருப்புல இருக்கிற கல்லு உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் கடப்பாரைதான்!"

கானுராமுக்கு டாண்டனின் அறையில் மகள் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாருமா, காலையிலேர்ந்தா, எழுதிக் குடுத்துடுங்க, பேச்சு முடியற வரைக்கும். அவரும் அந்த அறையில்தான் இருந்தார். முப்பது வருஷம் தொழிற்சாலைச் சோறு தின்றவர். சாவி கொடுத்த பொம்மை என்று நக்கலடித்துக்கொண்டு வந்தவருக்கு, சாவியைத் திருகியது யார் என்பது இப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தச் சூழ்ச்சியை மகள் தன்னிடம் சொல்லவில்லையே என்பது சுட்டது. சொல்லத் தகுந்த ஆள் என்று அவள் நினைக்கவில்லை.

பெஹ்ரா உள்ளே போனார். "சாஹிப், சூளை—" என்றார்.

"ஒரு நிமிஷம் பெஹ்ரா. ஒரு அம்மா பேசிட்டிருக்காங்க. மரியாதையா இருங்க," என்றார் டாண்டன்.

ஐந்தே காலுக்கு மறுபடி போனார். மறுபடியும் மரியாதை. ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது முறை போனபோது அவர் மரியாதையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டார். கத்திய கத்தலில் ஜன்னல் வலை அதிர்ந்தது.

"அப்படின்னா கொஞ்ச நேரம் சூளையை அணைச்சு வைங்களேன்," என்றார் டாண்டன், பொறுமையாக.

ஐம்பத்தெட்டுப் பெண்களும் ஒருசேரச் சிரித்தார்கள். ஹண்டியாச் சட்டியைச் சுற்றி கானுராம் கேட்ட எந்தச் சிரிப்பும் அந்த அளவுக்கு வந்ததில்லை.

"அது உங்க வீட்டு கேஸ் அடுப்பு இல்லே சாஹிப்!" பெஹ்ரா தலையில் அடித்துக்கொண்டார். "அணைச்சா சூளையோட கூரை வளைவு வெடிக்கும். வளைவு வெடிச்சா ரெண்டு மாசம் கல்லு கிடையாது. உருக்காலை என்னை விட்டுடும், உங்களைத் தோலை உரிச்சுத் தொங்க விடும்!"

பிறகு ஜெமாவின் குரல், உயராமல் தாழாமல்: "ஐம்பத்தெட்டுன்னு எழுதுங்க சாஹிப். கீழே எல்லாப் பேரையும் எழுதுங்க. எழுதி முடிச்சதும் நாங்க போய் அடுக்குறோம். நாகி, நீ இன்னும் சொல்லலியே. எந்த வருஷம் சேர்ந்தே?"

ஆறு பத்துக்கு டாண்டன் கையெழுத்துப் போட்டார்.

பெண்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து சூளைப் பக்கம் ஓடினார்கள். யாரும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அப்புறம் டாண்டன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கானுராமின் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரிடம் கோபம் இல்லை. அந்த ஆட்களுக்குக் கோபம்கூடச் சரியாக வராது.

"பரவாயில்ல கானுதா. இதுவும் ஒரு அனுபவம். அடுத்த பிப்ரவரியில கிளாவர்ல இதையே பாடமா வைக்கச் சொல்லப் போறேன். நீங்க கட்டாயம் வரணும்."

டாண்டன் அவர் தோளில் கை போட்டார். மனதார, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "உள்ளே இருந்தவங்கள்ல விவரம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். நம்ம ஆளு நீங்க. உங்க பொண்ணுக்குத்தான் இன்னும் பயிற்சி போதலே."

ஜெமா கையில் காகிதத்தோடு கதவருகே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அப்பா ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சூளையை நோக்கி நடந்தாள். டாண்டனின் கை கானுராமின் தோளிலேயே இருந்தது.